அம்மா கியர் போட்ட சீசன்

என்னோடு தென்காசியில் படித்தவர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இடது முழங்கால் வலி இருக்கிறது? எனக்கு இருக்கிறது. டாக்டர் வயசு என்கிறார். நான் கிளட்ச் என்கிறேன். நாற்பது வயதில் கார் ஓட்டப் படித்து, இருபது வருஷம் கியர் வண்டியையே ஓட்டித் தேய்ந்த கால் இது. வலது முழங்கால் இன்னும் புதுப்பெண் மாதிரி துள்ளிக்கொண்டு நிற்கிறது.

போன மாதம் என் மகள் கோயம்புத்தூரிலிருந்து புதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தேன். மிதிப்பதற்கு இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எங்கே என்று கேட்டதற்கு, இப்போது அதையெல்லாம் யார் வாங்குகிறார்கள், கியர் வண்டிதான் வேண்டும் என்றால் ஷோரூமில் நம்மை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள் என்றாள். அவளுடைய சிநேகிதிகளில் பாதிப் பேருக்குக் கிளட்சை எந்தக் காலால் மிதிப்பது என்றே தெரியாதாம். பெருமையாக வேறு சொல்கிறாள். மிச்சமிருக்கும் ஒரு காலையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அந்த வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதைச் சொல்லுமுன் ஒரு சாரல் காலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம். உங்களில் சிலருக்கும் அதில் பங்கு உண்டு. பயப்படாதீர்கள், பேர் சொல்லமாட்டேன்.

என் அப்பா டாக்சி ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி அவருடையது இல்லை. ஆய்க்குடியில் வயலும் தென்காசியில் வீடும் வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. முன்பக்கம் இப்போது மாதிரி ஆளுக்கொரு நாற்காலி கிடையாது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீள சீட்டு. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் கம்பி தரையிலிருந்து முளைக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கமாக, ஒரு கை நீட்டினாற்போல இருக்கும். நுனியில் ஒரு வெள்ளைக் குமிழ். மழைக்காலத்தில் அந்த வண்டிக்குள் ஒரு வாசனை அடிக்கும். ஈர ரெக்சின், பெட்ரோல், அருவியில் குளித்துவிட்டு ஏறியவர்களின் நல்லெண்ணெய், சீயக்காய் எல்லாம் கலந்த வாசனை. இன்று எந்தக் கடையில் காசு கொடுத்தாலும் அது கிடைக்காது.

குற்றால சீசன் என்றால் நமக்கு அந்த மூன்று மாதம்தான். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் ரயிலடியில் டாக்சிகள் வரிசை கட்டும். மதுரைக்காரர்கள், தூத்துக்குடிக்காரர்கள், மலையாளத்துக்காரர்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். மற்ற ஒன்பது மாதம் கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி என்று அங்கொன்று இங்கொன்று. சீசனில் ஓட்டுகிறவன்தான் டிரைவர். சீசனில் லீவு போட்டவனுக்கு மறுபடி சாவி கிடைக்காது. இது எழுதாத சட்டம். அப்பாவுக்கு அந்த வண்டி கிடைத்ததே அவருக்கு முன்னால் ஓட்டியவருக்கு ஒரு சீசனில் மஞ்சள்காமாலை வந்ததால்தான்.

அந்த வருஷம் சீசன் தொடங்கி நாலாம் நாள், பழைய அருவிப் படிக்கட்டில் சவாரிக்காரர் ஒருவரின் மூட்டையை இறக்கிக்கொண்டு வரும்போது அப்பா பாசியில் சறுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு ஊரறிய உட்கார வைத்துவிடுவார்கள் என்று, வடகரையில் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் போனார். மூங்கில் பத்தையை வைத்து மெலிதாகக் கட்டி, நாற்பத்தெட்டு நாள் அசைக்கக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்பினார். அப்பா காக்கிச் சட்டையின் முழுக்கையை அதற்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, ஸ்டாண்டில் சுளுக்கு என்று சொல்லிவிட்டார். அந்தக் கை பிற்பாடு கோணலாகத்தான் கூடியது. சாவி போய்விடுமே என்ற பயத்தில் கையைக் கெடுத்துக்கொண்டார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

வலது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடலாம். கால் இரண்டும் நன்றாக இருந்தன. கியரைத்தான் மாற்ற முடியவில்லை. விரல்களைக் குமிழில் வைத்தாலே அப்பாவுக்கு முகம் வெளுத்தது. மறுநாள் விடிகாலையில் எங்கள் வீட்டு முன்னால் நின்ற வண்டிக்குள் அப்பாவும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். சண்டை போடுகிறார்களோ என்று கிட்டே போனால், அம்மாவின் வலது கை அந்த வெள்ளைக் குமிழ் மேல் இருந்தது. தன் பக்கம் இழுத்து மேலே தூக்கினால் ஒன்று. அப்படியே கீழே இறக்கினால் இரண்டு. தள்ளி மேலே தூக்கினால் மூன்று. அதிலிருந்து கீழே நாலு. அடுக்களையில் உப்புச் சட்டி இருக்கும் இடத்துக்குப் போகிற மாதிரி கை தன்னால் போகவேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு புருஷன் ஓட்டும் வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. டிரைவர் பெண்டாட்டி டாக்சியில் ஏறுவது அன்று வழக்கமில்லை. அதிலும் முன் சீட்டில், நடுவில், புருஷனை ஒட்டிக்கொண்டு! கியர் எட்ட வேண்டும் என்றால் அப்படித்தான் உட்கார்ந்தாக வேண்டும். அதற்கு ஒரு சாக்கு வேண்டாமா? சனி, ஞாயிறுகளுக்கு நான்தான் சாக்கு. பிள்ளை ஜன்னலோரம் கேட்டு அடம்பிடிக்கிறாள், அதனால்தான் அவள் தாயார் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சவாரிக்காரர்களிடம் அப்பா சொல்வார். நானும் அதற்கேற்றபடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பிடித்துக்கொள்வேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

பள்ளிக்கூட நாட்களுக்கு வேறு சாக்கு வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் குற்றாலநாதர் கோயிலில் ஒரு மண்டலம் நேர்ச்சை, நாற்பத்தெட்டு நாளும் அருவியில் முழுகிச் சாமியைப் பார்க்க வேண்டும் என்று அப்பா முதலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டார். கட்டும் நாற்பத்தெட்டு நாள், மண்டலமும் நாற்பத்தெட்டு நாள். கணக்கு அழகாகப் பொருந்தியதில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் வண்டி பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. கிளட்சை அப்பா மிதிக்கிற நேரமும் அம்மா கம்பியை அசைக்கிற நேரமும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே பல்லை நறநறவென்று கடிக்கும் ஒரு சத்தம் வரும். பின்சீட்டில் இருப்பவர்கள் திடுக்கிட்டு என்ன என்று கேட்பார்கள். சாரல் காற்றுக்கு இந்த வண்டி இப்படித்தான் என்று அப்பா ஏதோ சமாளிப்பார். பேசிக்கொள்ளவும் முடியாது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். அதனால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு அப்பாவின் இடது முழங்காலையே பார்த்துக்கொண்டு வருவாள். கால் அழுந்தினால் கையை அசைக்க வேண்டும். வழியில் மேலகரம் போனதும் தெரியாது, நன்னகரம் வந்ததும் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு, புருஷனோடு கோபித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

கை வியர்வைக்கும் சாரல் ஈரத்துக்கும் குமிழ் வழுக்குகிறது என்று, அம்மா தன் பழைய பச்சைச் சேலையின் கரையைக் கிழித்து அதில் இறுக்கிச் சுற்றிவிட்டாள். அந்தப் பச்சைத் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லத்துக்காரக் குடும்பம் ஒன்று அருவி பார்த்துவிட்டு ஆரியங்காவு கோயிலுக்குப் போக வேண்டும் என்றது. அப்பா தயங்கினார். புளியறை தாண்டி மலை ஏற வேண்டும். பாம்பு மாதிரி வளைகிற ஏற்றம், எதிரே மரத்தடி ஏற்றிய லாரிகள். மாட்டேன் என்றால் முதலாளி காதுக்குப் போகும். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குமிழில் கையை வைத்தாள். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது.

வளைவின் பாதியில் முன்னால் போன லாரி திடீரென்று ஊர்ந்தது. எங்கள் வண்டி நடுங்க ஆரம்பித்தது. வலது கையால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவால் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. அப்போது நான் ஒன்றைக் கண்டேன். அம்மா அப்பாவின் முழங்காலைப் பார்க்கவே இல்லை. முன்கண்ணாடி வழியே லாரியைப் பார்த்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை முதலில் எழுந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பாவின் கால் மிதித்தது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. ஒரு நறநறப்பும் இல்லை. வண்டி முனகிக்கொண்டே ஏறிவிட்டது.

ஆரியங்காவில் இறங்கும்போது பின்சீட்டிலிருந்த பெரியவர் முன் ஜன்னலருகே வந்து நின்றார். நரைத்த புருவத்தைத் தூக்கி அம்மாவைப் பார்த்து, "மோளே, நன்னாயிட்டுண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். நம் பக்கத்தில் அதற்கு அர்த்தம் தெரியாதவர் யார்? அம்மாவின் காது மடல் வரை சிவந்துவிட்டது. சோறு, குழம்பைக்கூட வீட்டில் யாரும் அவளிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அம்மா தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்தாள். ஐந்தருவிச் சாலையின் இருபக்கத்து மரங்களும் கைகோத்து நிற்பதை எனக்குக் காட்டினாள். மலை மேல் வெள்ளைக் கோடாக விழும் தண்ணீரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னாள். குரங்கு போனால் சிரித்தாள். கை பாட்டுக்குக் கியரைப் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரத்தில் சாரலில் நனைந்துகொண்டு, எங்கள் வண்டியை ஓட்டுவது உண்மையில் யார் என்று யோசித்துக்கொண்டு வருவேன். அந்த மூன்று வாரங்களை நான் எங்கே போய்த் தேடுவது?

இனி அந்த ஓட்டைக்கு வருகிறேன். கோயில் நேர்ச்சை இருப்பவள் வீட்டுக்குத் தூரமான மூன்று நாள் கோயிலுக்குப் போக முடியுமா? ஆண்பிள்ளை போட்ட கணக்கு, அதில் அது விழவில்லை. அம்மா அந்த மூன்று நாளும் விடிகாலையில் வண்டியில் ஏறிப் போனாள். கொடியில் காயும் துணியைப் பார்த்தே யாருக்கு என்ன நாள் என்று சொல்லிவிடுகிற தெரு நம்முடையது. நேர்ச்சை என்பது பொய் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நேர்ச்சை பொய் என்றால் பிறகு எதற்காக இவள் புருஷனை ஒட்டிக்கொண்டு நாள்பூராவும் சுற்றுகிறாள்? அவனுக்குக் குற்றாலத்தில் யாரோ இருக்க வேண்டும், இவள் காவலுக்குப் போகிறாள். இப்படித்தான் அது முடிந்தது. ஒரு வாரத்தில் ரயிலடி டீக்கடை அண்ணாச்சி வரை பேச்சு போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. உங்களில் ஒருத்தி மத்தியான இடைவேளையில் என்னிடம், "உங்கப்பாவுக்குக் குத்தாலத்துல இன்னொரு வீடு இருக்காம்லா" என்று கேட்டாள். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, இன்னும் பத்தே நாள்தான், கட்டைப் பிரித்துவிடுவார்கள் என்றாள். அவளுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை முதலாளி வீட்டிலிருந்து அம்மாவை வரச்சொல்லி ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். முதலாளியம்மா நல்ல மனுஷி. தீபாவளிக்கு எனக்குப் பாவாடைத்துணி எடுத்துத் தருகிறவர். அம்மாவைக் கீழே உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, குரலைத் தணித்துப் பேசினார்.

"நான் ஒனக்கு அக்கா மாதிரி சொல்லுதேன். ஆம்பளைய முந்தானையில முடிஞ்சிக்கிட்டே திரிய முடியுமா? ஒரசிக்கிட்டு உக்காந்து போறத ஊரே பாத்துச் சிரிக்குது. சாமி பேரச் சொல்லி வேற பொய் சொல்லிருக்க. நாளையில இருந்து வீட்டுல இரு."

அம்மா முதல் வாரத்தில் வண்டியில் உட்கார்ந்திருந்த மாதிரியே தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். காபியில் ஆடை படிந்தது. புளியறை வளைவில் வண்டியை ஏற்றிய என் அம்மாவை ஒருவர் இப்படிப் பேச, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு மானம்தான் பெரிதாகத் தெரியும். சாவி தெரியாது.

"எங்கம்மா சந்தேகப்பட்டு ஒண்ணும் போகல. எங்கப்பாவுக்குக் கை ஒடிஞ்சிட்டு. எங்கம்மாதான் கியர் போடுதா" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷம் அது என்னை அரித்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் முதலாளியே நடந்து வந்தார். அப்பாவின் சட்டைக்கையை மேலே தள்ளி, மூங்கில் பத்தையைத் தடவிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "வண்டியில ஏறுதது ஊரான் வீட்டுப் பிள்ளைய. ஒண்ணு ஆயிருந்தா யாருலே பதில் சொல்லுதது? கை சரியாவட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார். அன்று அவரை நான் மனசுக்குள் திட்டாத வசவில்லை. இன்று என் மகளை அப்படி ஒரு வண்டியில் ஏற்றுவேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். மாட்டேன். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் இன்னும் வலிக்கிறது.

அன்று மத்தியானம் அம்மா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அப்பா, யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும், நம் பிள்ளையே சொன்னது நல்லதுதான் என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

கை கூடிய பிறகும் சாவி திரும்ப வரவில்லை. எழுதாத சட்டம் அப்பாவுக்கும் அதுதானே? அவர் லாரிக்குப் போனார். புளியறைச் செக்போஸ்ட் வழியாக மலையாளத்துக்கு வைக்கோலும் காய்கறியும் ஏற்றிப் போய், தடி ஏற்றித் திரும்பி வருகிற வேலை. கடைசி வரை காரைத் தொடவில்லை. அந்த சீசன் முடியும்வரை புது டிரைவர் எங்கள் தெரு வழியாகத்தான் போவார். கியர்க் குமிழில் பச்சைத் துணி அப்படியே இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா அடுக்களை ஜன்னலுக்கு வருவாள். ஒரு நாள் பார்த்தேன், துணி இல்லை. அழுக்காகிவிட்டது என்று பிய்த்துப் போட்டிருப்பார். ஒன்றிரண்டு வருஷத்தில் வண்டியும் கேரளாவுக்கு விலைபோய்விட்டது. அப்பாவின் கோணல் மணிக்கட்டுக்கு அம்மா அவர் சாகும்வரை தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டாள். என் நாக்கு செய்த வினைக்கு அவள் மருந்து தடவுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி இந்த ஆடிக்கு வருவோம். அம்மாவுக்கு எண்பத்தொன்று. காலை மடக்க முடியாததால் முன் சீட்டில் உட்கார வைத்தோம். மகள் ஓட்டினாள், நான் பின்னால். நல்ல சாரல். ஐந்தருவி ஏற்றத்தில் முன்னால் ஒரு வேன் வேகம் குறைந்தது. எங்கள் வண்டியின் சத்தமும் ஒரு மாத்திரை தணிந்தது. எனக்கு அது காதில்கூட விழவில்லை. அம்மாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து ஸ்டியரிங்குக்குக் கீழே போய், அங்கே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியைப் பிடித்துக் கீழே இறக்கியது. வைப்பர் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது.

"ஆச்சி, அது வைப்பர்" என்று மகள் சிரித்துக்கொண்டே நிறுத்தினாள்.

"கியர் எங்கனட்டீ?"

"அதுவா மாத்திக்கிடும் ஆச்சி."

அம்மா கையை மடிக்குக் கொண்டுபோனாள். "அப்போ பக்கத்துல இருக்குதவளுக்கு ஒரு சோலியும் இல்லையாக்கும்" என்றாள்.

பசித்ததால் செங்கோட்டை தாண்டிப் புளியறையில் சாலையோரக் கடையில் நிறுத்தினோம். மகள் பரோட்டா சொல்லப் போனாள். தகரக் கூரையில் மழை அடித்தது. அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன். நான் அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அப்பா காரை விட்டு லாரிக்குப் போயிருக்க மாட்டார், நீயும் அப்படி அழுதிருக்க மாட்டாய் என்றேன்.

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"லாரி அவுகளுக்குப் பிடிச்சித்தான்ட்டீ இருந்துது. நான் சோலி போச்சேன்னா அழுதேன்? நாளையில இருந்து முன் சீட்டுல போக முடியாதேன்னு அழுதேன்."

அவளே தொடர்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுக்களை ஜன்னல் அளவுக்குத்தான் மலையைப் பார்த்திருந்தாளாம். அந்த வருஷம்தான் முழுசாகப் பார்த்தாளாம். நேர்ச்சைக் கணக்கு இடிக்கும் என்று முதல் நாளே அவளுக்குத் தெரியுமாம். சொன்னால் அப்பா வேறு வழி யோசித்து அவளை இறக்கி விட்டுவிடுவார் என்று சொல்லவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு நாள் கோயில்ல நிக்கும்போது, இவுக கை இன்னும் ஒரு மாசம் ஆறாம இருக்கட்டும்னு நெனச்சிட்டேன். சாமிக்கு முன்னால நெனச்சிட்டேன்ட்டீ. பொறவு கை கோணலாக் கூடிட்டு. அத யாருகிட்டப் போயிச் சொல்ல?"

தினமும் தேய்த்த அந்த எண்ணெய்! என் பாவம் என்று நான் இத்தனை நாள் பொத்தி வைத்திருந்ததற்குப் பக்கத்திலேயே அவள் தன்னுடையதை வைத்திருந்திருக்கிறாள். அது வைத்தியர் கட்டிய கட்டின் கோளாறு, நீ நினைத்ததால் இல்லை என்றேன். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பரோட்டாவோடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

திரும்பித் தென்காசிக்குப் போவதுதான் திட்டம். மகள் வண்டியை எடுத்து மலைப் பக்கமாகத் திருப்பினாள். செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தினாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டிக் கம்பி இருந்தது. அதை ஒரு பக்கமாகத் தட்டிவிட்டாள். இப்போது தானாக மாறாது, முன்னால் தள்ளினால் ஒன்று ஏறும், பின்னால் இழுத்தால் ஒன்று இறங்கும், கிளட்ச் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்றாள். ஆச்சியின் வலது கையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

இந்த வசதி அந்த வண்டியில் இருப்பது எனக்குத் தெரியாது. அது இருந்ததற்காகவே வண்டியின் மேல் எனக்கிருந்த கோபம் பாதி குறைந்தது.

"பாட்ட அமத்து. சத்தம் கேக்கணும்" என்றாள் அம்மா.

பாட்டு நின்றது. வண்டி ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் ஒரு தடி லாரி முனகிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அம்மா பேத்தியின் காலைப் பார்க்கவில்லை. கம்பியையும் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணாடிக்கு வெளியே, சாரலில் கரைந்துகொண்டிருந்த மலையைப் பார்த்தாள். கை தன்னால் பின்னுக்கு இழுத்தது. வண்டி ஒருமுறை மூச்சுவிட்டுப் பலமெடுத்து ஏறியது.

பின் சீட்டில் நான் நகர்ந்து நகர்ந்து போய், இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.